கரி பஸ்ஸில் ஒரு பல்வலி

மந்திரமூர்த்திக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையில் ஒருவர் கை வைத்தால் எப்படி முடியுமோ அப்படித்தான் முடிந்தது, அன்று அவர் தம் அம்மா சங்கரம்மாளிடம் சொன்ன பொய்யும். வடிவுக்குப் பல்வலி, தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எந்தப் பக்கத்துப் பல் என்று சங்கரம்மாள் கேட்டாள். மந்திரமூர்த்தி தம்முடைய கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

தனக்குப் பல்வலி என்ற செய்தி, அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி சண்முகவடிவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது வருஷத் தாம்பத்தியத்தில் புருஷன் சொன்ன சொல்லைப் பொய்யாக்கி அவளுக்குப் பழக்கமில்லை. கையைத் துடைத்துவிட்டு வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். மாமியார் கொண்டுவந்து கொடுத்த கிராம்பை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் எதையுமே ஏன் என்று கேட்டதில்லை. மந்திரமூர்த்தியின் கவலைகளில் அதுதான் பெரிய கவலை.

விஷயம் இதுதான். உடன்குடி பஜாரில் கருப்பட்டி மண்டி வைத்து நாலு பேர் மதிக்க வாழ்கிறவர் மந்திரமூர்த்தி. வயது முப்பத்தாறு. பிள்ளையில்லை. மூன்று மாதத்துக்கு முன் சங்கரம்மாள் பேச்சைத் தொடங்கினாள். ஆறுமுகநேரியில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண் இருக்கிறாள், நல்ல இடம், மூத்தவளை யாரும் தள்ளிவைக்கச் சொல்லவில்லை, அவளும் ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அந்தக் காலத்தில் இதெல்லாம் ஊரில் யாரும் மூக்கில் விரல் வைக்கிற சங்கதியில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்ற வருவதாக ஏற்பாடு. மந்திரமூர்த்தி சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டுச் சட்டப்படி வாய் திறக்காதவன் சம்மதித்தவன்.

வேண்டாம் என்பதுதான் அவர் மனசு. மண்டியில் நாள் முழுக்க வாயாடுகிற மனிதருக்கு, அம்மா முன்னால் போய் நின்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. வடிவு ஒரு வார்த்தை, வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு அம்மாவை எதிர்த்து நின்றுவிடலாம் என்று நினைத்தார். ஆனால் வடிவுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பதே அவருக்குத் தெரியாது. பதினோரு பேர் புழங்குகிற வீடு. பகலில் புருஷனும் பெண்டாட்டியும் நின்று பேசினால் கேலி. படுத்த பிறகு பேசினால் ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் சித்தி இருமுவாள். ஆகவே, சொந்தப் பெண்டாட்டியோடு ஐந்து நிமிஷம் பேசுவதற்காக முப்பத்தைந்து மைல் போவதென்று மந்திரமூர்த்தி முடிவு செய்தார்.

புதன்கிழமை காலை பஸ் ஏறினார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம் அது. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, கிளீனர் ஒரு கைப்பிடியைச் சுற்று சுற்றென்று அரைமணி நேரம் சுற்றினால், மனசிருந்தால் வண்டி கிளம்பும். பெண்கள் முன் வரிசையில், ஆண்கள் பின்னால் அடுப்போரத்தில் என்பது விதி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிடலாம் என்று போட்டிருந்த திட்டம் ஏறும்போதே கவிழ்ந்தது. நாலு வரிசைக்கு முன்னால் தெரிந்த வடிவின் கொண்டையைப் பார்த்துக்கொண்டே மந்திரமூர்த்தி முதுகு வேகப் பயணம் செய்தார். அவள் பாவம், கன்னத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. திருச்செந்தூர் வரை வலது கன்னம் வலித்தது. திருச்செந்தூரில் காற்று வாக்குப் பார்த்து உட்கார்ந்ததில் வலி இடது கன்னத்துக்கு மாறிவிட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் இரக்கத்தோடு விசாரித்தபோதுதான் அவளுக்கே அது தெரிந்தது.

விதி என்றால் அது ஆறுமுகநேரியில்தான் விளையாடும். உப்பளம் தெரிகிற இடத்தில் வண்டி இருமித் தும்மி நின்றுவிட்டது. ஆண்பிள்ளைகள் எல்லாம் இறங்கித் தள்ளுங்கள் என்றார் கண்டக்டர். பெண் வீட்டார் யாராவது அந்தப் பக்கம் வந்து மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டால், கையோடு வீட்டுக்கு இழுத்துப்போய் மோர் கொடுத்து, பெண்ணையும் காட்டிவிடுவார்கள். மந்திரமூர்த்தி துண்டை முகத்தில் முக்காடாகப் போட்டுக்கொண்டு தள்ளினார். மற்றவர்கள் பேருக்குக் கை வைத்திருக்க, அவர் ஒருவர் மட்டும் தேர் இழுக்கிறவரைப் போல உயிரைக் கொடுத்துத் தள்ளினார். பெண் பேசியிருந்த ஊரைத் தாண்டுவதற்கு அவ்வளவு பாடுபட்ட மாப்பிள்ளை ஜில்லாவிலேயே வேறு யாரும் இருக்க முடியாது. கண்டக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சாயங்காலம் நாலு மணி வண்டிக்கும் வந்துவிடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டுக்கொண்டார்.

தூத்துக்குடியில் இறங்கும்போது பதினொன்றரை. வெள்ளை வேட்டி சட்டையோடு ஏறியவர்கள் எல்லாரும் சாம்பல் பூசிய பரதேசிகளாக இறங்கினார்கள். குழாயடியில் முகம் கழுவிவிட்டு, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு மந்திரமூர்த்தி முன்னால் நடக்க, கை ஓய்ந்துபோய்க் கன்னத்தைச் சுற்றித் துணியால் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, நாலு அடி பின்னால் தலைகுனிந்து வடிவு வந்தாள்.

முதலில் கடற்கரைக்குப் போனார்கள். கடலைப் பார்த்து நின்றபடி சொல்லிவிடலாம், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்பது இரண்டாவது திட்டம். பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையுமாகத் தோணிகள் நின்றன. கப்பல் எங்கே என்று வடிவு கேட்டாள். தூத்துக்குடிக் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது, அதோ வெகு தூரத்தில் நிற்கிறது பார் என்று மந்திரமூர்த்தி கையை நீட்டிக் காட்டினார். வடிவு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, புருஷன் மனசு நோகக் கூடாதென்று பெரிய கப்பல்தான் என்றாள். அதற்குள் ஒரு காக்கிச் சட்டைக்காரர் ஓடிவந்தார். யுத்த காலத்தில் கப்பலைக் கை நீட்டிக் காட்டுகிற இந்தக் குடைக்காரர் யார், யாருக்காகக் காட்டுகிறார் என்று விசாரித்தார். பெண்டாட்டிக்காக என்று சொல்ல மந்திரமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது. சும்மாதான் என்றார். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. கடைசியில் வடிவின் கன்னத்துக் கட்டைப் பார்த்துவிட்டு, நோயாளிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேரும் என்று அவர் விரட்டிவிட்டார்.

மணலில் திரும்பி நடக்கும்போது, முத்து எங்கே கிடக்கும் என்று வடிவு மெல்லக் கேட்டாள். முத்துக் குளித்தே பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, குளித்தாலும் அது கரையில் புளியங்கொட்டை மாதிரி சிதறிக் கிடக்காது என்று அவர் சிரித்தார். சரி என்று தலையாட்டினாள். ஆனாலும் கண்ணை மண்ணைவிட்டு எடுக்காமல்தான் வந்தாள். அன்று முழுக்க அவள் அப்படித்தான் இருந்தாள். தோணியை, காக்கையை, தலைச்சுமைக்காரியை, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை, எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்தாள். அவளுக்கு ஊர் பிடித்திருக்கிறது என்று மந்திரமூர்த்தி நினைத்துக்கொண்டார். மக்கு மனிதர்.

அடுத்தது காப்பி கிளப். அங்கே பெண்களுக்குத் தட்டி மறைத்துத் தனி இடம். ஆக மூன்றாவது திட்டமும் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சீனிக்குத் தட்டுப்பாடு என்று கருப்பட்டிக் காப்பிதான் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததுமே மந்திரமூர்த்திக்குத் தெரிந்துவிட்டது, அது அவர் மண்டிச் சரக்கு. முப்பத்தைந்து மைல் முதுகு வெந்து வந்து தன் வீட்டுக் கருப்பட்டியையே விலை கொடுத்துக் குடித்த பெருமையோடு அவர் வெளியே வந்தார். வடிவும் வந்தாள். அவளும் கண்டுபிடித்திருந்தாள். நம்ம கருப்பட்டி என்று சொல்லிச் சிரித்தாள். இன்னும் இரண்டு நாளில் இந்தச் சிரிப்பை நாம் கொன்றுவிடப் போகிறோமே என்று நினைத்தார். மணி இரண்டாகிவிட்டது. நாலு மணி பஸ்ஸுக்குள் சொல்லியாக வேண்டும்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. நடந்துகொண்டே சொன்னால் என்ன? எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி நாலடி தள்ளி அவன் குதிகாலைப் பார்த்துக்கொண்டே வருவாள். தெருவில் பெண்டாட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவன் ஆண்பிள்ளையே இல்லை. எவ்வளவு வசதி. முகத்தைப் பார்க்க வேண்டாம். நிற்க வேண்டாம். யாராவது பார்த்தாலும் வியாபாரி தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டு போகிறார் என்று நினைப்பார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் தொடங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் கொஞ்சம் போய், பின்னால் கொஞ்சம் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் விளையாடிக்கொண்டிருந்தது. மாட்டு வண்டி, சைக்கிள், கூடைக்காரி, மில்லுக்குப் போகிறவர்கள் என்று இரண்டு பக்கமும் ஜனம் நெரித்தது. குடைகளே இருபது இருக்கும். மந்திரமூர்த்தி அந்தக் கூட்டத்தில் நின்று மனசுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்தது. ஜனம் மடை உடைந்த மாதிரி பாய்ந்தது. தண்டவாளத்தைத் தாண்டி, வலது கைப்பக்கம் மரநிழலோடு போகிற ரோட்டில் திரும்பினார். பின்னால் வளையல் சத்தமும் காலடிச் சத்தமும் நாலடி தள்ளி வந்தன. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

முதலில் பல்வலிப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு ஆறுமுகநேரிப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னார். மூன்று மாதமாக வாய் திறக்காமல் இருந்தது சம்மதத்தினால் இல்லை, பயத்தினால் என்று சொன்னார். இவ்வளவு வயதுக்கு அம்மாவுக்குப் பயப்படுவதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வராததால் தைரியம் வளர்ந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் காய்ச்சலில் பிதற்றிக் கிடந்தபோது, மண்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருச்செந்தூர்க் கடலில் போய் நின்று, முருகா இவளை மட்டும் விட்டுவிடு என்று அழுததைச் சொன்னார். அதை அவர் உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இந்த மனிதருக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது அவருக்கே தெரியாது. ஒரு பள்ளிக்கூடம் போயிற்று, ஒரு மரக்கடை போயிற்று, ஒரு பிள்ளையார் கோயில் போயிற்று. அவர் பேச்சு நிற்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"பிள்ளை பொறந்தா பொறக்கட்டும், பொறக்காட்டிப் போகட்டும். எனக்கு நீ போதும்ளா. அம்மாகிட்டச் சொல்லிருதேன். நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. சொல்லுளா என்று மறுபடியும் கெஞ்சினார்.

"நான் என்னத்தைச் சொல்ல அண்ணாச்சி" என்றது ஒரு குரல்.

தெருவில் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்காத மந்திரமூர்த்தி அப்போது திரும்பினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கையில் ஓலைப் பெட்டியோடு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவரைப் போலவே குடை பிடித்த தன் புருஷன் பின்னால் வந்தவள் அவள். பேர் அற்புதமணி. ஊர் நாசரேத். புருஷன் எபனேசர், பள்ளிக்கூட வாத்தியார். கேட் திறந்த நெரிசலில் குடை மாறிவிட்டது. முதல் வார்த்தையிலேயே ஆள் மாறியது தெரிந்துவிட்டதாம். ஆனால் தெரியாத ஊரில் நடுரோட்டில் தனியாக நிற்கப் பயந்து, இந்த மனிதர் எங்கேயாவது பேச்சை நிறுத்தினால் கேட்கலாம் என்று கூடவே வந்தாளாம். நீங்கள் நிறுத்தினால்தானே அண்ணாச்சி என்றாள். காய்ச்சல் கதைக்குப் பிறகு, நிறுத்தச் சொல்ல அவளுக்கே மனசு வரவில்லையாம்.

மந்திரமூர்த்திக்கு அவமானப்பட நேரமில்லை. அப்படியானால் வடிவு எங்கே? ஊர் தெரியாதவள். வாய் திறந்து வழி கேட்கத் தெரியாதவள். கேட்டில் ரயில், மாட்டு வண்டி, பட்டாளத்து லாரி. ஒரு நொடியில் எல்லாக் கெட்டதும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடினார்.

அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பஜாரில் அவர் நடை பிரசித்தம். மழை வந்தாலும் அதே நடைதான். அப்படிப்பட்டவர் அன்று பிள்ளையார் கோயிலைத் தாண்டி, மரக்கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஓடினார். குடை எங்கேயோ விழுந்தது. துண்டு போயிற்று. ஒரு செருப்பு போயிற்று. பின்னால் அற்புதமணி ஓலைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அண்ணாச்சி மெல்ல, அண்ணாச்சி மெல்ல என்று இரைக்க இரைக்க வந்தாள். திருடனைத் துரத்துகிறாள் என்று நினைத்து, ஒரு சோடாக்கடைக்காரர் அவரைப் பிடிக்கக் கையைக்கூட நீட்டினார்.

கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் வடிவு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடையோடு ஓர் ஒல்லி மனிதர் நின்றார். எபனேசர் வாத்தியார்தான். அவர் கேட் தாண்டி முதல் திருப்பத்திலேயே திரும்பிப் பார்த்துவிட்டாராம். அவருக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் உண்டு. யாரோ ஒரு பெண் தம் குதிகாலையே பார்த்துக்கொண்டு வருவதைக் கண்டதும், பிரிந்த இடத்தில் நின்றால் எல்லாரும் வந்து சேருவார்கள் என்று அவளைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார். மூச்சு வாங்க வந்து நின்ற மந்திரமூர்த்தியை மேலும் கீழும் பார்த்தார்.

"இவகிட்ட உம்ம ஊரு பேரைக் கேட்டேன், சொல்ல மாட்டேங்கா. அவுக வரமாட்டாக சார், வேணும்னுதான் விட்டுட்டுப் போயிட்டாக, காத்துக்கிடக்க வேண்டாம், என்னைக் குலசை பஸ்ஸுல ஏத்திவிடுங்க, அண்ணன் வீட்டுக்குப் போயிருதேன்னு சொல்லுதா. என்ன வேய் இது?"

மந்திரமூர்த்திக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கிற்று. அவளுக்கு வெள்ளிக்கிழமை விஷயம் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. இல்லாத பல்வலியைச் சொல்லி ஊரைவிட்டுக் கூட்டிவந்த புருஷன் எதற்குக் கூட்டிவருகிறான் என்று அவள் காலையிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். ஊரைச் சுற்றிக் காட்டி, காப்பி வாங்கிக் கொடுத்து, கடைசியில் திரும்புகிற வழியில் குலசையில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறான். அது தெரிந்தும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்திருக்கிறாள். தோணியையும் காக்கையையும் நின்று நின்று பார்த்தது ஊர் பிடித்துப்போனதால் இல்லை. இவரோடு போகிற கடைசிப் பயணம் என்பதால். நம்ம கருப்பட்டி என்று சிரித்ததும் அந்த மனசோடுதான். இவ்வளவு நாள் நான் என்ன மனுஷன் என்று அவருக்கு அழுகை வந்தது. அழுதார். கேட்காரர், வண்டிக்காரர்கள், கூடைக்காரிகள் எல்லாரும் பார்க்க, அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

"உன்னைய விட்டுட்டுப் போக நான் கூட்டிட்டு வரலளா. அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன். சொல்லவும் செஞ்சேன். இந்தம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

வடிவு நம்பாமல் அற்புதமணியைப் பார்த்தாள். அற்புதமணி மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பேச முடியாமல், ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பேச்சு வந்ததும், காய்ச்சலில் கிடந்த கதையிலிருந்து ஒன்றுவிடாமல் வடிவின் காதில் சொன்னாள். மந்திரமூர்த்தி இந்த ஜன்மத்தில் மறுபடி ஒருதடவை சொல்லியிருக்க முடியாத அத்தனையையும் அவள் சொல்லி முடித்தாள். வடிவு கேட்டாள். பிறகு கன்னத்துக் கட்டை அவிழ்த்து, அதாலேயே புருஷன் முகத்துப் புழுதியையும் கண்ணீரையும் துடைத்தாள். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

"எனக்கும் வேண்டாங்க" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை என்று அவர் ஆசைப்பட்டது அதுதான்.

நாலு மணி பஸ்ஸிலும் பெண்கள் முன்னால், ஆண்கள் அடுப்போரத்தில்தான். ஆனால் வடிவு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறுமுகநேரியில் வண்டி நின்றது. காலையில் வேலை செய்த ஆளைக் கண்டக்டர் மறக்கவில்லை. மந்திரமூர்த்தி ஒற்றைச் செருப்போடு, முக்காடு இல்லாமல், சாவகாசமாகத் தள்ளினார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் நேராக அம்மாவிடம் போனார். பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று ஆள் அனுப்பச் சொன்னார். இந்தத் தடவை வாயில் கொழுக்கட்டை இல்லை. சங்கரம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இதைச் சொல்லத்தான் பல்லு வலிச்சுதோ? அவ சொல்லச் சொன்னாளா?"

"யாரும் சொல்லச் சொல்லலம்மா. தூத்துக்குடியில நடுரோட்டுல நானே சொல்லியாச்சு. பாதி ஊரு கேட்டாச்சு. இங்கன சொல்லுததுதான் பாக்கி."

சங்கரம்மாள் மறுநாளே ஆறுமுகநேரிக்கு ஆள் அனுப்பிவிட்டாள். ஆனால் மகனோடு பேச்சை நிறுத்தினாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள். சோறு வந்தது, குழம்பு வந்தது, சொல் வரவில்லை. மந்திரமூர்த்தி ஆயுசில் அம்மாவோடு பேசாமல் இருந்ததில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா தப்பானவள் இல்லை, பேரப்பிள்ளைக்கு ஏங்குகிறவள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் வலித்தது. ஆனாலும் சொன்னதை அவர் திருப்பி வாங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவர் முன்கட்டில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே முற்றத்தில் மாமியாரும் மருமகளும் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். சங்கரம்மாள் ஆற்றாமையோடு கேட்பது அவர் காதில் விழுந்தது.

"அப்படி என்னத்தளா பாத்தீங்க அந்த ஊருல?"

வடிவு ஒவ்வொன்றாகச் சொன்னாள். தோணி, உப்பு மூட்டை, காப்பி கிளப், நம்ம கருப்பட்டி. கப்பல் பெரிசா என்று சங்கரம்மாள் கேட்டதற்கு, கடுகு அளவுதான் இருந்தது அத்தை என்றாள். அதற்கா இவ்வளவு தூரம் போனீர்கள், வேறு ஒன்றும் பார்க்கவில்லையா என்றாள் மாமியார். வடிவு முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"அவுக ஓடி வந்தாக அத்தை. அதைப் பாத்தேன்."

"எவன்? நம்ம மந்திரமா? எதுக்கு ஓடினான்?"

"என்னையத் தேடி."

முறத்தின் சத்தம் நின்றது. மந்திரமூர்த்தி பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு சங்கரம்மாள் அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"ஏலே, எவ்வளவு தூரம்ல ஓடின?"

பதினோரு நாளைக்குப் பிறகு அம்மா அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"மூணு பர்லாங்கு இருக்கும்மா" என்றார் மந்திரமூர்த்தி.